பதில் வராவிட்டால் 'இல்லை' எனக் கொள்க

1

இந்தக் கதை என் தலைக்குள் முளைத்தது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செண்பகனூரில் இருக்கும் ஆக்ஸிலியாவின் வீட்டிலிருந்து எடுத்தது. கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "எழுதிக்கங்கக்கா. ஆனா எழுதினத எங்கிட்டக் காட்டிறணும்" என்றாள். காட்டினேன். அவள் அடிக்கச் சொன்ன இடங்களை அடித்தேன். சிலவற்றை அடித்தது தெரியும்படியே விட்டிருக்கிறேன்.

என் பெயர் கலைமணி. பண்ணைக்காட்டில் இருக்கிறேன். கதை எழுதுகிறேன். கதை எழுதி அடுப்பு எரியாது என்பதால், கேட்பவர்களுக்கு வார்த்தைகளும் எழுதிக் கொடுக்கிறேன். காப்பித்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு நாலு வரி, தங்கும் விடுதிகளின் சுவருக்குக் குரங்கு பற்றிய எச்சரிக்கை, இப்படி. அந்த வழியில்தான் ஆக்ஸிலியா வந்தாள்.

அவள் வீட்டிலிருந்தபடியே கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். அந்தக் கம்பெனி தீப்பெட்டி அளவில் ஒரு கருவி செய்கிறது. சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் அதை வைத்துவிட்டால் வீட்டிலுள்ள விளக்கு, கெய்சர், மோட்டார் எல்லாவற்றையும் போனிலிருந்தே இயக்கலாம். எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு, எத்தனை மணிக்கு எரிய வேண்டும், யார் யார் தொடலாம் என்றெல்லாம் முடிவு செய்ய ஒரு வலைப்பக்கம் வேண்டும். அந்த அமைப்புகள் பக்கத்தைக் கட்டுவது ஆக்ஸிலியாவின் வேலை. அதில் வரும் தமிழ் என் வேலை.

'சேமி', 'ரத்து செய்', 'மாற்றங்களைச் சேமிக்காமல் வெளியேறுகிறீர்களா?' இதெல்லாம் நான் எழுதியவை. என் எழுத்தில் அதிகம் பேர் படித்தது இவற்றைத்தான் என்று நினைக்கிறேன். பாராட்டி இதுவரை யாரும் எழுதியதில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

செண்பகனூரின் மேல் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில் ஆக்ஸிலியா தன் லேப்டாப்பைத் திறந்து

வேண்டாம். கொடைக்கானலைப் பற்றிய எல்லாக் கதையும் மூடுபனியில்தான் தொடங்குகிறது. எழுதுகிறவர்கள் கீழேயிருந்து ரெண்டு நாள் வந்துவிட்டுப் போகிறவர்கள். இங்கேயே கிடக்கிற எங்களுக்கு மூடுபனி என்றால் துணி காயாது, அவ்வளவுதான்.

அடுத்தது:

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

பரவாயில்லை, ஆனால் பொய். அவர்கள் நாளுக்கு இரண்டு முறை பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையே. வாயால் பேசவில்லை. அது வேறு விஷயம்.

மூன்றாவது:

சுவர் வீட்டை இரண்டாகப் பிரித்தது. கரண்டுக் கம்பியைப் பிரிக்க மறந்துவிட்டது.

இதை வைத்துக்கொள்கிறேன். இதிலிருந்து போகலாம்.

3

ஆக்ஸிலியாவின் அப்பா ஆக்னல். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி பரமானந்தமும் தம்பி மனைவி இசபெல்லாவும். பரமானந்தத்துக்கு ஏரிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. காலைப் பலகாரம் அவர் பொறுப்பு. விடிவதற்கு முன்பே குளித்துவிட்டுக் கிளம்பினால்தான் சரிப்படும்.

வீடு இவர்களுடைய அப்பா கட்டியது. குறுக்கே சுவர் எழுந்தபோது கூடம் தம்பி பக்கம் போனது, அடுக்களை அண்ணன் பக்கம் வந்தது. வாசல் விளக்கின் சுவிட்ச் கூடத்தில் இருந்தது. வாசல் அண்ணன் பக்கம். குளியலறைக் கெய்சரின் சுவிட்ச் அடுக்களையில் இருந்தது. குளியலறை தம்பி பக்கம். அண்ணன் பின்னால் வேறொரு குளியலறை கட்டிக்கொண்டார். தம்பி பக்கவாட்டில் வேறொரு அடுக்களை இறக்கிக்கொண்டார். சுவிட்சுகளை மட்டும் யாரும் மாற்றவில்லை.

ஆக, அண்ணன் வாசலில் விளக்கு எரிய வேண்டுமென்றால் தம்பி மனசு வைக்க வேண்டும். தம்பி வெந்நீரில் குளிக்க வேண்டுமென்றால் அண்ணன் எழுந்திருக்க வேண்டும்.

எழுந்தார். ஓய்வு பெற்ற மனுஷன், விடிகாலையில் அவருக்கு ஒரு சோலியும் கிடையாது. ஆனாலும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போய்க் கெய்சரைப் போட்டுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் குழாய்ச் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு, திரும்ப வந்து படுத்துக்கொள்வார். சாயங்காலம் இருட்டுக் கட்டும் நேரத்தில் பரமானந்தம் கூடத்துக்கு வந்து வாசல் விளக்கைப் போடுவார். அந்த விளக்கு இல்லையென்றால் படியில் காட்டுமாடு நின்றால்கூடத் தெரியாது. செண்பகனூரில் அது நிற்கும்.

எலக்ட்ரீசியன் மனோஜ்குமார் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, அரை நாளில் மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறான். அண்ணன் பிறகு பார்க்கலாம் என்றார். தம்பியும் அதையேதான் சொல்லியனுப்பினார். பேசிவைத்துக்கொண்ட மாதிரி இருந்தது என்று மனோஜ்குமார் ஆக்ஸிலியாவிடம் சொல்லிச் சிரித்தானாம்.

(இங்கே அடிக்குறிப்பாக ஒன்று. பேச்சுவார்த்தை இல்லாதது அண்ணனுக்கும் தம்பிக்கும் மட்டும்தான். இசபெல்லா சித்தி வைக்கிற மீன்குழம்பு சுவரைச் சுற்றிக்கொண்டு வரும். ஆக்ஸிலியா சித்தி வீட்டிலேயே பாதி வளர்ந்தவள். இந்த ஊரில் பகை என்றால் இரண்டு ஆண்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வது. சோறு அதில் சேராது.)

ஒருநாள் பரமானந்தத்துக்குக் காய்ச்சல். அன்று ஆக்னல் மகளை எழுப்பினார். "வெந்நி போட்டு இம்புட்டு நேரமாச்சு. கொழாச் சத்தமே காணோம். சித்தியப் போய்ப் பாத்துட்டு வா." சில சாயங்காலங்களில் வாசல் இருட்டிக் கிடக்கும். அப்போதும் அதே மாதிரிதான். "இன்னும் லைட்டு வரல. போய்ப் பாரு." தம்பி என்ற சொல்லையே அவர் பயன்படுத்த மாட்டார்.

4

எதனால் பேசுவதில்லை?

வாசகர்கள் இதைக் கேட்பார்கள் என்று இரண்டு காரணங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று வீட்டுப் பத்திரம். சப்பென்று இருந்தது. இன்னொன்று கல்யாணத்தில் ஒரு வார்த்தை. எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற காரணம், ஆகவே எந்த வீட்டுக்கும் பொருந்தாது. மூன்றாவதை ஆக்ஸிலியாதான் சொன்னாள். அதற்குப் பிறகு என் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

பரமானந்தம் ஒரு ஜெப சபையில் சேர்ந்துவிட்டிருந்தார். ஆக்னல் மாதா கோயிலை விடவில்லை. அவர்களுடைய அப்பா இறந்தபோது எந்த முறையில் அடக்கம் என்று இரண்டு பேருக்கும் நடு வீட்டில் வாக்குவாதம். கடைசியில் பங்குச் சாமியார் வந்து கோயில் முறைப்படி நடந்தது. கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே பரமானந்தம் நின்றார், உள்ளே வரவில்லை. ஆக்னல் திரும்பிப் பார்த்தார், கூப்பிடவில்லை. அண்ணன் கூப்பிடுவார் என்று தம்பி நின்றதாகவும், தானாக வருவான் என்று அண்ணன் பார்த்ததாகவும் இரண்டு பக்கத்துப் பெண்களும் சொல்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லாததால் மண் போட்டு முடிந்துவிட்டது.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இத்தனை சின்ன விஷயத்துக்கு இத்தனை வருடமா என்று. ஆக்ஸிலியாவிடம் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சின்ன விசயம்னு நீங்க சொல்றீங்க. அப்பா இன்னும் கல்லறத் திருநாளுக்குப் போனா உள்ள நுழையறதுக்கு முன்னாடி அந்த கேட்டத் திரும்பிப் பாத்துட்டுத்தான் போவாரு" என்றாள்.

5

இப்போது கருவி வருகிறது.

கம்பெனிக்கு ஒரு சோதனை வீடு வேண்டியிருந்தது. பழைய கம்பிகள், அடிக்கடி போகும் கரண்டு, குறைந்த அழுத்தம், எல்லாம் உள்ள ஒரு மலை வீடு. ஆக்ஸிலியா தன் வீட்டைக் கொடுத்தாள். சித்தியிடம் சொல்லி அந்தப் பக்கமும் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள். மனோஜ்குமார் வந்து போர்டுகளைத் திறந்து கருவிகளை உள்ளே வைத்து மூடினான். அவள் தன் வலைப்பக்கத்தைத் திறந்து, வீட்டிலுள்ள எல்லாவற்றையும் தேடு என்று அழுத்தினாள். வரிசையாக வந்தன.

இரண்டு மட்டும் மஞ்சள் நிறத்தில் வந்தன. வாசல் விளக்கு, கெய்சர். பக்கத்தில் நான் எழுதிய வரி: 'இந்தச் சாதனம் வேறொரு வீட்டின் கட்டுப்பாட்டில் உள்ளது. சரிசெய்யவும்.'

சரிசெய்தாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மஞ்சளாக ஒன்று தெரிந்தால் பச்சையாக்கத்தான் அவளுக்குச் சம்பளம். தவிர, சாயங்காலமானால் அடுத்த பக்கத்து வெளிச்சத்துக்காக அப்பா வாசலில் காத்து நிற்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அவமானமாக இருந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அன்று கேசரி கிண்டினாளாம்.

கருவி வைத்துவிட்டால் சுவரிலிருக்கும் சுவிட்சுக்கும் விளக்குக்கும் பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எது எதற்குக் கட்டுப்படும் என்பதை வலைப்பக்கம்தான் முடிவு செய்யும். கூடத்துச் சுவிட்சிலிருந்து வாசல் விளக்கைக் கழற்றினாள். அடுக்களைச் சுவிட்சிலிருந்து கெய்சரைக் கழற்றினாள். சூரியன் மறைந்ததும் விளக்கு தானாக எரியும்படியும், பரமானந்தம் எழும் நேரத்துக்கு வெந்நீர் தானாகச் சுடும்படியும் வைத்தாள். கீழே வந்த வரியும் என்னுடையதுதான்: 'வாழ்த்துகள். உங்கள் வீடு இப்போது உங்கள் கையில்.'

6

முதல் நாள் சாயங்காலம் நடந்ததை இசபெல்லா சொன்னது இப்படி. வழக்கம்போலப் பரமானந்தம் கூடத்துக்கு வந்தார். சுவிட்சைத் தட்டினார். ஜன்னல் வழியே பார்த்தால் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. அணைத்துப் பார்த்தார். அணையவில்லை. மறுபடி போட்டார். "சுவிட்சு செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நாள் அந்த நேரத்துக்கு எழுந்து வருவார், பாதியில் நினைவு வந்து திரும்பிப் போவார். பிறகு வருவதை விட்டுவிட்டார்.

இந்தப் பக்கம் ஆக்னல் விடிகாலையில் எழுவதை நிறுத்தவில்லை. ஏன் என்று மகள் கேட்டதற்கு, "முழிப்பு வந்துருது, என்ன செய்ய" என்றார். குழாய்ச் சத்தம் கேட்கத்தான் செய்தது. ஆனால் அவர் போட்ட வெந்நீர் இல்லை அது.

பாலசமுத்திரத்தில் பரமானந்தத்தின் மகள் தாரணியைக் கட்டிக்கொடுத்திருந்தது. அப்பா அம்மாவைக் கீழே வந்து தன்னோடு இருக்கும்படி அவள் வெகு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடியாது, இங்கே சோலி கெடக்கு என்று சொல்லிவந்த மனுஷன், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே இசபெல்லாவிடம் சொல்லியிருக்கிறார்:

"அண்ணனுக்கு வெளக்கு எரியுது. எனக்கு வெந்நி வருது. அப்புறம் எதுக்கு இந்தக் குளிர்ல கெடக்கணும்?"

சித்தி இதை வேலிப் பக்கம் நின்று ஆக்ஸிலியாவிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். அதுவரை தான் என்ன செய்தோம் என்று ஆக்ஸிலியாவுக்குத் தெரியாது. கேட்டதும்தான் புரிந்தது என்றாள்.

7

(இந்தப் பகுதியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன். இடையில் ஒரு தேன் கம்பெனிக்கு வார்த்தை எழுதிக் கொடுத்தேன்.)

அவள் பழையபடி மாற்றிவைத்திருக்கலாம். இரண்டு தொடலில் முடிகிற வேலை. சுவிட்ச் பிழைத்துக்கொண்டது என்று சித்தப்பா நினைத்திருப்பார். ஏன் செய்யவில்லை என்று கேட்டேன்.

"பழையபடி வச்சிருந்தாப் போதும்க்கா. நாந்தான் இதச் சாக்கா வச்சு ரெண்டு பேரையும் பேச வச்சிறலாம்னு ஆசப்பட்டேன்."

அமைப்புகள் பக்கத்தில் 'பகிர்தல்' என்று ஒரு பகுதி அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டின் விளக்கை இன்னொரு வீட்டார் இயக்க வேண்டுமென்றால், அவர்கள் கேட்க வேண்டும், இவர்கள் சம்மதிக்க வேண்டும். அதற்கான கேள்வியை என்னிடம் எழுதி வாங்கியிருந்தாள். என் வரைவுகள் இன்னும் இருக்கின்றன:

இந்த விளக்கை இயக்கப் பக்கத்து வீட்டாருக்கு அனுமதி அளிக்கிறீர்களா?

பக்கத்து வீட்டார் இந்த விளக்கைப் போடலாமா?

உங்களுக்குச் சம்மத

முதலாவதைத் தேர்ந்தெடுத்தாள். கீழே 'ஆம்', 'இல்லை'. பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்று நான்தான் கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள், இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், கண்டவனும் வீட்டுக்குள் கை வைக்கக்கூடாது என்று. சரியான விதி. இதைவிட நல்ல விதியை இப்போதும் என்னால் யோசிக்க முடியவில்லை.

சித்தியின் உதவியோடு சித்தப்பாவின் போனிலிருந்து வாசல் விளக்குக்கான கோரிக்கையை அனுப்பினாள். பரமானந்தத்துக்குத் தெரிந்தேதான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்பு என்றும் சொல்லவில்லை. தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று சித்தி சொன்னார். மறுபக்கம் அப்பாவின் போனில் கேள்வி வந்து நின்றது.

ஆக்னல் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது தடவை மனதுக்குள் படித்தார். அனுமதி என்ற இடத்தில் விரல் நின்றது.

"இத யாரு கேக்கறது? அவனா?"

"ஆமாப்பா. சித்தப்பாதான்."

"இத்தன வருசமும் கேக்காமத்தானம்மா போட்டான். இப்ப எழுதிக் கேட்டா நான் எப்படி ஆமாங்கிறது? நான் என்ன அவனுக்கு அனுமதி குடுக்கற ஆளா?"

"அப்ப இல்லைன்னு போடவாப்பா?"

"இல்லைன்னு எப்படி போடுவ? அவன் வீட்டு வெளக்குந்தான இது."

போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கேள்வி அங்கேயே கிடந்தது. அந்த வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் இத்தனை காலமும் சம்மதமாக இருந்திருக்கிறது. ஒருநாள் அவகாசம் முடிந்ததும் பக்கம் தன் விதிப்படி நடந்துகொண்டது.

8

ஹோட்டல் அடுக்களையில், பூரி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பரமானந்தத்தின் போனில் வந்தது:

'உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை.'

இந்த வாக்கியத்தை எங்கே இருந்து எழுதினேன் என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். பண்ணைக்காட்டில், என் வீட்டில், மிளகு காயப்போட்டிருந்த நாளில் எழுதியிருக்க வேண்டும். இதோடு சேர்த்து அன்று இன்னும் பல வரிகள் எழுதினேன். 'கடவுச்சொல் தவறு' என்பதும் அன்றைக்குத்தான். எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன.

அவர் வீட்டுக்கு வந்ததும் பாலசமுத்திரத்துக்குப் போன் போட்டு மகளிடம் வருகிறோம் என்றார். விஷயம் தெரிந்து ஆக்ஸிலியா ஓடினாள். அப்பா இல்லை என்று சொல்லவில்லை, ஒன்றுமே அழுத்தவில்லை, பக்கம் தானாக அப்படி எடுத்துக்கொண்டது, அந்த விதியை எழுதியதே நான்தான் என்று அழுதாள். பரமானந்தம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"மெசினுக்கும் எனக்கும் என்னத்தா பக? அது அண்ணங்கிட்டக் கேட்டுத்தான சொல்லியிருக்கும். விடு."

அப்பாவிடமும் போய்ச் சொன்னாள். ஆக்னல், "நான் இல்லைன்னு சொல்லலையே" என்றார். அதைச் சித்தப்பாவிடம் வந்து சொல்லுங்கள் என்றாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார். "நான் இல்லைன்னு சொல்லலையேம்மா."

9

இங்கே முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. புயல் மழையில் மரம் சாய்ந்து கரண்டு போகிறது. கருவிகள் எல்லாம் செத்துவிடுகின்றன. கரண்டு திரும்பி வரும்போது பழைய சுவிட்சுகள் உயிர்பெற்று, தம்பி ஓடிவந்து வாசல் விளக்கைப்

இதை ஆக்ஸிலியா படித்துவிட்டுச் சொன்னாள், கரண்டு வந்தால் கருவி பழைய அமைப்பையே நினைவில் வைத்திருக்கும் என்று. அதற்காகத்தான் ராப்பகலாக உழைத்தாளாம். புயலை எடுத்துவிட்டேன்.

ஆ. சாமான்கள் ஏறும் நாளில் ஆக்னல் சுவரைச் சுற்றிக்கொண்டு போகிறார். தம்பியின் முன்னால் நிற்கிறார். "ஏலே" என்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் போதுமென்று

இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. என் கதைகளில் நல்லதாக வந்த இடங்களில் இதுவும் ஒன்று. அவள் பேனாவை வாங்கி, குறுக்கே கோடு போட்டாள். "அப்பா போகல" என்றாள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

இ. நடந்தது.

சாமான் வண்டி வந்த அன்று, விடிவதற்கு முன் ஆக்னல் எழுந்து அடுக்களைக்குப் போனார். கெய்சர் சுவிட்சைப் போட்டார். அது எதோடும் பந்தமில்லாத சுவிட்ச் என்று அவருக்குத் தெரியும். குழாய்ச் சத்தம் வரும்வரை நின்றார். வந்தது. தம்பி அந்த வீட்டில் கடைசியாகக் குளித்தார். "சித்தப்பா குளிச்சது அப்பா போட்ட வெந்நின்னு எழுதுவீங்களா, பக்கம் போட்டதுன்னு எழுதுவீங்களா?" என்று ஆக்ஸிலியா கேட்டாள். நான் இரண்டையும் எழுதவில்லை. மேலே இருப்பதுபோல எழுதியிருக்கிறேன்.

வண்டி கிளம்பும்போது ஆக்னல் வெளியே வரவில்லை. அடுக்களை ஜன்னலில் நின்றார். பரமானந்தம் வண்டியில் ஏறுவதற்கு முன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பகல் நேரம். விளக்கு எரியவில்லை. பார்த்துவிட்டு ஏறினார்.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். தலைப்புக்கூட வைத்துவிட்டேன். வாசல் விளக்கு தினமும் சூரியன் மறைந்ததும் தவறாமல் எரிந்தது. கம்பெனியில் சோதனை வெற்றி என்று ஆக்ஸிலியாவைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைப் படித்துவிட்டு அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

10

போன வாரம் அவள் பண்ணைக்காட்டுக்கு வந்தாள். பஸ்ஸில் வந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல், ஒரு பொத்தான் கட்டியிருக்கிறேன் என்றாள்.

கம்பெனிக்கு இல்லை, ஒரே ஒரு போனுக்கு. பாலசமுத்திரத்தில் இருக்கும் போனுக்கு. இசபெல்லா சித்தியிடம் சொல்லி சித்தப்பாவின் போன் முகப்பிலேயே வைத்துவிட்டாளாம். அதைத் தொட்டால் செண்பகனூரில் வாசல் விளக்கு எரியும். யாரிடமும் எதுவும் கேட்காது. யாருக்கும் எதுவும் சொல்லாது. அவளே எழுதிய விதியை அந்த ஒரு இடத்தில் அவளே உடைத்துவிட்டாள்.

எனக்கு வேலை வந்துவிட்டது என்று நினைத்தேன். பொத்தானின் மேல் என்ன எழுதலாம்? 'வாசல் விளக்கு' என்றா? 'அண்ணன் வீடு' என்றா? ஒரு தாளை எடுத்தேன்.

"ஒண்ணும் எழுத வேண்டாம்க்கா" என்றாள். "எழுதித்தான் கெட்டுப்போச்சு."

கூலிக்கு வார்த்தை எழுதுகிற ஆளுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. ஆனால் அவள் என்னைத் திட்டவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். பொத்தானில் ஒரு சின்ன மஞ்சள் வட்டம் மட்டும் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று சொன்னாள். சூரியன் மறைந்ததும் தானாக எரிகிற அமைப்பை அழித்துவிடப் போகிறாள். இனி அந்த விளக்கு யாராவது தொட்டால்தான் எரியும். அப்பாவின் போனிலிருந்து தொடலாம். தன் போனிலிருந்து தொடலாம். பாலசமுத்திரத்திலிருந்து தொடலாம். அப்பாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

அந்த மஞ்சள் வட்டம் எதற்கென்று சித்தப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சித்தி சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம் என்றாள். கேட்டுச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

11

இதை ஆக்ஸிலியாவின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று மத்தியானம் அவள் அந்த அமைப்பை அழித்தாள். 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று என் குரலில் பக்கம் கேட்டது. 'ஆம்' என்று அழுத்தினாள். இப்போது அவளுடைய போன் மேசையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தொட்டுவிடுவோமோ என்று பயந்து கையைப் போர்வைக்குள் வைத்திருக்கிறாள்.

வெளியே இருட்டுக் கட்டுகிறது. (மூடுபனியும் இருக்கிறது. மன்னித்துவிடுங்கள், நிஜமாகவே இருக்கிறது.) ஆக்னல் வாசலில் நிற்கிறார். சட்டைப் பையில் போன் இருக்கிறது, அதன் விளிம்பு தெரிகிறது. அவர் அதை எடுக்கவில்லை. படிகள் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போகின்றன.

இதன் முடிவை நான் எழுதப்போவதில்லை. என்னால் விளக்கை எரியவைக்க முடியும், ஒரு வரி போதும். அப்படி எழுதினால் அது ஆக்ஸிலியாவின் பழைய அமைப்பு மாதிரிதான், நேரமானால் தானாக எரிகிற விளக்கு. எரியவில்லை என்று எழுதவும் எனக்கு உரிமையில்லை, பதில் வராததை இல்லை என்று எடுத்துக்கொண்ட தப்பு ஒருமுறை போதும். அதனால் உங்களிடம் விட்டுவிடுகிறேன். போடுங்கள், போடாமல் இருங்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன்.

ஆக்ஸிலியா கதவுப் பக்கம் போய், குளிருது, உள்ள வாங்கப்பா என்கிறாள்.

அவர் திரும்பாமலே சொல்கிறார்: "இரும்மா. இன்னும் லைட்டு வரல."